யாரும் சொல்லாத பழைய படங்கள்: எதிலிருந்து தொடங்கலாம்?

தங்கச்சி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காகவும் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருகோணமலை உவர்மலையில் உங்கள் வீட்டு விறாந்தையில் வெள்ளைத் துணி கட்டி, சனிக்கிழமை இரவுகளில் பழைய படம் போடப் போகிறீர்கள். கூடப் படித்தவர்கள், அம்மா, பக்கத்து வீட்டு அன்ரி எல்லாரும் இருப்பார்கள். எல்லாரும் சொல்கிற அதே படங்கள் வேண்டாம், மறந்துபோனவை ஆனால் பார்த்தால் மனதில் நிற்பவை எவை, எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. உலகத்தின் சிறந்த நூறு படங்கள் என்ற மாதிரிப் பட்டியலில் இருந்து தொடங்கினால் கொஞ்ச நாளில் விறாந்தையில் ஆள் இருக்காது. நமது வாழ்க்கைக்குப் பக்கத்தில் நிற்கிற படத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். திருகோணமலையில் இருந்துகொண்டு தேடினால், அப்படிப் பக்கத்தில் நிற்கிற படங்களில் பல இந்தியாவில் எடுத்தவை அல்ல. இந்தத் தீவிலேயே எடுத்தவை, தமிழிலும் சிங்களத்திலும். இந்தியப் படங்கள் வந்து குவிந்ததில் இலங்கைத் தமிழ்ப் படங்கள் அடிபட்டுப் போயின. சிங்களப் படங்களை நமக்கும் உரியவை என்று நாம் நினைக்கவே இல்லை. இரண்டு பக்கத்தாலும் நமக்கு நட்டம். அதனால் நான் சொல்வதில் இரண்டும் இருக்கும், இந்தியத் தமிழ்ப் படங்களும் இருக்கும்.

முதல் சனிக்கிழமைக்கு 'அந்த நாள்'. 1954 இல் வீணை எஸ். பாலசந்தர் ஏ.வி.எம்முக்காக எடுத்தது. பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படம் என்று எல்லாரும் சொல்வார்கள், அது சரிதான். ஆனால் அதற்காக மட்டும் பார்க்க வேண்டாம். படம் தொடங்கியதும் ஒரு துப்பாக்கிச் சத்தம், சிவாஜி கணேசன் செத்து விழுகிறார். அந்த வருடங்களில் மேலே மேலே வந்துகொண்டிருந்த ஒரு நடிகரைத் தொடக்கத்திலேயே பிணமாக்கிவிட்டுக் கதை சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! பிறகு வீட்டில் உள்ளவர்களும் அயலவரும் ஒவ்வொருவராக என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறார்கள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் செத்தவர் வேறொரு மனிதராகத் தெரிகிறார். அகிரா குரோசாவாவின் 'ரஷோமோன்' பார்த்ததில் வந்த யோசனை அது. ஆனால் பாலசந்தர் அதைச் சென்னை வீட்டுச் சண்டைகளுக்குள்ளும் சொத்துத் தகராறுக்குள்ளும் கொண்டுவந்து இறக்கிய விதம் முழுக்கத் தமிழ். யார் சுட்டது என்று நான் சொல்லமாட்டேன். பண்டரிபாயின் முகத்தை மட்டும் விடாமல் பாருங்கள்.

இந்தப் படம் நமது ஊருக்கு ஏன் பக்கம் என்றால், கதை நடப்பது 1943 ஒக்டோபரில் ஜப்பானியர் சென்னையில் குண்டு போட்ட காலத்தில். அதற்கு ஒன்றரை வருடத்துக்கு முன்னர், 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி, அதே ஜப்பானியர் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் அடித்தார்கள். 'ஹேர்மிஸ்' என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் மூழ்கடித்தார்கள். சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தப் படத்தின் பதற்றம் புத்தகத்தில் படித்த சரித்திரம் அல்ல. நிலாவெளி வீதியில் இருக்கிற யுத்த மயானத்தைக் கடந்து போகிறவர்கள்தானே நாம். உங்கள் வீட்டில் வயதானவர்கள் யாராவது இருந்தால், தங்கள் அப்பா அம்மா குண்டு விழுந்த நாளைப் பற்றிச் சொன்னதை, ஊரை விட்டு ஓடினதை, படம் முடிந்த பிறகு கேளுங்கள். அதற்கென்று கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள்.

பாலசந்தரைப் பிடித்துப்போனால் அடுத்து 'பொம்மை', 1964. ஒரு பொம்மைக்குள் வெடிகுண்டு, அது கை மாறிக் கை மாறிப் போகிறது. சிறுபிள்ளைகளும் பார்க்கலாம். கே.ஜே. ஜேசுதாஸ் தமிழில் பாடிய முதல் பாட்டு இதில்தான். கடைசியில் படத்தில் வேலை செய்தவர்களை ஒவ்வொருவராகத் திரையில் காட்டி அறிமுகப்படுத்துவார், அதற்குள் எழும்பிப் போய்விடாதீர்கள். 'நடு இரவில்' என்ற கொலைக் கதையும் அவருடையதுதான். அது கொஞ்சம் இழுவை, ஆனால் மழை இரவுக்கு நல்லது.

இப்போது நமது படங்களுக்கு வருகிறேன். இலங்கையில் தமிழ்ப்படம் எடுத்தார்களா என்று கேட்கிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 1960 களின் தொடக்கத்தில் இருந்தே எடுத்திருக்கிறார்கள். 1970 களில்தான் அது சூடு பிடித்தது. எனக்கு அதில் முதலில் நினைவுக்கு வருவது 'வாடைக்காற்று', 1978. செங்கை ஆழியானின் நாவலைப் பிரேம்நாத் மொறாயஸ் படமாக்கினார். வாடைக்காற்று வீசுகிற பருவத்தில் வெளியூர் மீனவர்கள் வந்து நெடுந்தீவில் வாடி (கடற்கரைக் கொட்டில்) அமைத்துத் தொழில் செய்வதும், ஊர்க்காரருக்கும் வந்தவர்களுக்கும் இடையில் வருகிற உரசலும், அதற்குள் முளைக்கிற காதலும்தான் கதை. குச்சவெளியிலோ புல்மோட்டையிலோ வாடிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. யாருடைய கடல், யாருடைய கரை, பருவம் முடிந்ததும் போகப்போகிறவனை நம்பி ஒரு பெண் என்ன செய்வாள், இதெல்லாம் இன்றைக்கும் நமது கரையோரத்தில் நடக்கிற வழக்கு. நாவலை முதலில் படித்துவிட்டுப் படத்தைத் தேடுங்கள். நாவல் சுலபமாகக் கிடைக்கும், படம்தான் சிரமம்.

'பொன்மணி' 1977. இதை எடுத்தவர் தர்மசேன பத்திராஜ, சிங்கள இயக்குநர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர். காவலூர் இராசதுரை எழுத, யாழ்ப்பாணத்து நடுத்தரக் குடும்பம் ஒன்றை, சீதனத்தையும் சாதியையும் வைத்து எடுத்தார். வந்தபோது ஓடவில்லை. அந்த நேரத்தில் தியேட்டருக்குப் போனவர்கள் எதிர்பார்த்த சண்டையும் டூயட்டும் அதில் இல்லை. வீட்டுக்குள் ஆட்கள் கதைக்காமல் இருக்கிற நேரத்தைத்தான் அவர் அதிகம் காட்டினார். கலியாணமாகாத அக்கா வீட்டில் இருக்கும்போது தங்கச்சியின் காதல் எவ்வளவு பாரமாகிறது என்பதை வசனத்தால் சொல்லாமல், அந்தப் பெண்கள் அடுக்களைக்கும் முற்றத்துக்கும் நடக்கிற நடையில் சொல்லிவிடுவார். வெளியில் இருந்து வந்த ஒருவர் நமது வீட்டுக்குள் இவ்வளவு மரியாதையாகவும் இவ்வளவு கண்டிப்பாகவும் பார்த்திருக்கிறாரே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கும். மெதுவான படம். அன்ரியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இவற்றுக்கு முன்னர் வந்த 'குத்துவிளக்கு' (1972) கட்டடக்கலைஞர் வி.எஸ். துரைராஜா தயாரித்தது. யாழ்ப்பாணத்து விவசாயக் குடும்பத்தின் கதை. நடிப்பில் நாடக மேடையின் சாயல் இருக்கிறது, அதை மறைக்க முடியாது. ஆனால் தோட்டமும் துலாவும் பனங்காணியும் உள்ளபடியே படத்தில் பதிந்திருக்கின்றன, அதற்காகவே பார்க்கலாம். சிரிக்க வேண்டுமென்றால் 'கோமாளிகள்', 1976. 'கோமாளிகளின் கும்மாளம்' என்று வானொலியில் சக்கைபோடு போட்ட எஸ். ராம்தாஸின் நாடகத்தைப் படமாக்கினார்கள். ஒருவர் யாழ்ப்பாணத் தமிழ், ஒருவர் முஸ்லிம்களின் பேச்சுத் தமிழ், இன்னொருவர் சிங்களவர் பேசுகிற தமிழ் என்று ஒரே வீட்டுக்குள் எல்லாம் கலந்து வரும். கிண்ணியாவில் ஒரு கூட்டாளி, கந்தளாயில் ஒரு கூட்டாளி என்று இருக்கிற நமது ஊர்க்காரர்களுக்கு அந்தக் கலவை வீட்டுச் சாப்பாடு மாதிரி.

ஏன் இவை கிடைக்காமல் போயின என்று கேட்பீர்கள். ஒன்று, பிரதிகளே சில. அவற்றையும் யாரும் ஒழுங்காகப் பேணவில்லை. மற்றது, 1983 ஜூலை. ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது படச்சுருள்களும் சேர்ந்து போயின. அதற்குப் பிறகு இங்கே தமிழ்ப்படம் எடுப்பது ஏறக்குறைய நின்றேபோனது. ஒரு படம் மறக்கப்படுவதற்கு அது கெட்ட படமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, இந்த விஷயத்தில் அது நூற்றுக்கு நூறு உண்மை.

சிங்களப் படங்களில் நான் முதலில் போடச் சொல்வது 'சருங்கலே', 1979, இயக்கம் சுனில் ஆரியரத்ன. காமினி பொன்சேகா இதில் நடராஜா என்ற யாழ்ப்பாணத்துத் தமிழராக, கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் வேலை பார்க்கிற கிளாக்கராக வருகிறார். அந்தக் காலத்தில் சிங்களத் திரையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அப்படிப்பட்ட ஒருவர், தன்னுடைய ரசிகர்கள் யாரைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்களோ அந்த ஆளாகவே திரையில் வந்து நின்றார். 1958 கலவரம் படத்தில் வருகிறது. ஆனால் படம் அங்கே மட்டும் நிற்கவில்லை. யாழ்ப்பாணத்தில் நடராஜாவின் வீட்டுக்குள் இருக்கிற சாதித் திமிரையும் அதே கண்டிப்போடு காட்டுகிறது. எங்கள் ஆட்களில் சிலர் இந்தப் பகுதியைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். எனக்கு அதுதான் படத்தின் நேர்மை. அடிபடுகிறவனைப் புனிதனாகக் காட்டாமல், மனிதனாகக் காட்டிவிட்டு, அப்படியிருந்தும் அவனை அடிக்க யாருக்கும் உரிமை இல்லை என்று சொல்கிற படம் இது. தமிழ் வசனங்களும் இருக்கின்றன. காமினியின் தமிழ் உச்சரிப்பில் குறை கண்டுபிடிக்கலாம். ஆனால் ஒரு சின்னப் பிள்ளைக்குப் பட்டம் கட்டிக்கொடுக்கிற அவருடைய கைகளைப் பாருங்கள், அந்த மனிதனின் தனிமை முழுவதும் அதில் இருக்கிறது.

நமது ஊர்ப் பெரியவர்களுக்குக் காமினி பொன்சேகாவை வேறொரு வகையிலும் தெரியும். 1995 இல் இருந்து 1998 வரை அவர் வடக்கு கிழக்கு மாகாணத்தின் ஆளுநர். அந்த மாகாணத்தின் நிர்வாகம் இங்கே திருகோணமலையில்தான் இருந்தது. நடராஜாவாக நடித்தவர் பிறகு இந்த ஊரில் ஆளுநராக இருந்தார் என்பதை உங்கள் வயதுப் பிள்ளைகள் யாருமே அறிந்திருக்கவில்லை. படம் போடும் முன்னர் ஒரு நிமிடம் இதைச் சொல்லுங்கள், பார்க்கிற விதமே மாறும்.

காமினியும் மாலினி பொன்சேகாவும் சேர்ந்து நடித்த 'நிதானய' அடுத்தது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் படம். மாலினியை நம்மவர்களுக்குச் சிவாஜியோடு 'பைலட் பிரேம்நாத்'தில் நடித்தவர் என்றுதான் தெரியும். 2025 மே மாதம் அவர் காலமானபோதும் தமிழ்ப் பக்கத்தில் அதைத்தான் அதிகம் பேசினார்கள். அவர் உண்மையில் என்ன நடிகை என்று அறிய 'நிதானய' பார்க்க வேண்டும். கடனில் மூழ்கிய ஒரு பணக்காரக் குடும்பத்து மனிதன், புதையல் எடுப்பதற்காக, கழுத்தில் குறிப்பிட்ட மறுக்கள் உள்ள ஒரு கன்னிப் பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்து, பலி கொடுக்கும் எண்ணத்தோடு அவளைக் கலியாணம் செய்கிறான். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவள் அவனை நேசிக்கத் தொடங்குகிறாள். அவனும் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவது போல இருக்கிறது. பேய்ப்படத்தில்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்ததில்லை. பேய் என்று ஒன்றும் இதில் இல்லை, பெரிய வீடும் மெழுகுதிரியும் பிரேமசிறி கேமதாசவின் இசையும்தான். இன்றைக்கும் பத்திரிகையில் புதையல் தோண்டப்போய்ப் பிடிபட்டவர்கள் என்று செய்தி வருகிறதே, அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் படம் நினைவு வரும். இலங்கைச் சினிமாவின் ஐம்பது வருடங்களில் சிறந்த படம் என்று 1997 இல் இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நல்ல முறையில் புதுப்பித்த பிரதியும் இருக்கிறது, தேடி அதையே போடுங்கள்.

பத்திராஜவின் 'பம்பரு அவித்' (1978) நகரத்துப் பெடியள் ஒரு மீனவக் கிராமத்துக்கு வந்து இறங்குவதால் என்ன ஆகிறது என்பதைச் சொல்வது. 'வாடைக்காற்று' கிடைத்தால் இரண்டையும் அடுத்தடுத்த வாரங்களில் போடுங்கள். ஒரே வருடத்தில், ஒரே தீவில், இரண்டு மொழிகளில், ஒரே கேள்வி. பெண் பிள்ளைகளுக்கென்று ஒன்று கேட்டிருந்தீர்கள். சுமித்ரா பீரிஸின் முதல் படம் 'கெஹெனு லமயி', அதுவும் 1978 தான். வசந்தி சதுராணி பள்ளிக்கூடப் பிள்ளையாக அறிமுகமானது இதில். ஏழை வீட்டுப் பெண், வசதியான வீட்டுப் பையன், நடுவில் குடும்ப மானம். கதை தெரிந்ததுதான். ஆனால் அந்தப் பிள்ளையின் அமைதியில் இருந்து கமரா விலகவே விலகாது. இதைப் புதுப்பித்து 2025 இல் கான் திரைப்பட விழாவில் போட்டார்கள்.

சிங்களம் அவ்வளவாக விளங்காதே என்பீர்கள். அது பெரிய தடை இல்லை. இவற்றுக்கு ஆங்கில வசன எழுத்துகள் கிடைக்கும். அதைவிட நல்லது, சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரை முன்வரிசையில் இருத்தி, முக்கியமான இடங்களில் மட்டும் தமிழில் சொல்லச் சொல்வது. நமது ஊரில் அப்படி ஆள் கிடைக்காத ஒழுங்கையே இல்லை. ஒவ்வொரு வசனத்தையும் மொழிபெயர்க்க வேண்டாம், படம் கெட்டுவிடும்.

இந்தியத் தமிழ்ப் படங்களுக்குத் திரும்புகிறேன். 'அவள் அப்படித்தான்', 'உதிரிப்பூக்கள்' இரண்டையும் வேண்டுமென்றே விடுகிறேன். அவை நல்ல படங்கள், ஆனால் அவற்றைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' (1977) அப்படி இல்லை. ஜெயகாந்தனின் நாவல், பீம்சிங் இயக்கம், லட்சுமிக்குத் தேசிய விருது. மழையில் ஒரு காரில் ஏறிய கல்லூரிப் பெண்ணுக்கு நடந்ததும், அதை ஊரைக் கூட்டிச் சொன்ன வீட்டார் அவளுக்குச் செய்ததும்தான் கதை. இதில் நாகேஷ் எழுத்தாளராக வருகிறார், சிரிக்க வைப்பதற்காக அல்ல. அவர் எழுதிய சிறுகதையில் அம்மா மகளின் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று அணைத்துக்கொள்கிறாள். உண்மையில் அப்படி நடக்கவில்லை. அந்த ஒரு குடம் தண்ணீரை ஊற்றாததால் ஒரு பெண்ணின் வாழ்க்கை எப்படிப் போகிறது என்று படம் காட்டுகிறது. அம்மாமாரும் மகள்மாரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது. முடிந்த பிறகு விறாந்தையில் சண்டை வரும், வரட்டும்.

பாலு மகேந்திராவைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். அவர் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர், நமது கிழக்கு மாகாணத்து ஆள். 'மூன்றாம் பிறை'யை எல்லாருக்கும் தெரியும். நான் சொல்வது 'வீடு', 1988. சென்னையில் வேலைக்குப் போகிற ஒரு பெண், தாத்தா, தங்கச்சி. இருக்கிற வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறார்கள். வேறு வீடு கிடைக்கவில்லை, சரி, கடன் வாங்கிச் சின்னதாக ஒரு வீடு கட்டுவோம் என்று இறங்குகிறார்கள். அவ்வளவுதான் கதை. கடனுக்கு அலைவது, அனுமதிக்கு அலைவது, கொந்தராத்துக்காரர் சீமெந்தைத் திருடி விற்பது, அதைத் தட்டிக்கேட்கிற சித்தாள் பெண், இப்படியே போகிறது. பாலு மகேந்திராவின் அம்மா ஊரில் வீடு கட்டப் பட்ட பாடுதான் இந்தப் படத்துக்கு வித்து என்று அவரே சொல்லியிருக்கிறார். அர்ச்சனாவுக்கு இதற்குத் தேசிய விருது கிடைத்தது. படத்தில் பாட்டு இல்லை, இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தட்டில் இருந்து எடுத்துப் பயன்படுத்தினார்கள்.

அதில் ஒரு பகுதி. தாத்தாவாக நடித்தவர் சொக்கலிங்க பாகவதர், பழைய நாடக மேடைக்காரர். அவர் ஒருநாள் யாருக்கும் சொல்லாமல், கட்டி முடியாத வீட்டைப் பார்க்கத் தனியாகக் கிளம்புகிறார். வெயிலில் குடையோடு நடக்கிறார். கூரை இல்லாத சுவர்களுக்கு நடுவே போய் நிற்கிறார். செங்கல்லைத் தொட்டுத் தடவுகிறார். இது முன்னறை, இது குசினி என்று மனதுக்குள் நடந்து பார்க்கிறார். வசனம் கிடையாது. அந்த முகத்தில் வருகிற சந்தோஷத்தை ஒரு நடிகர் நடிக்கிறார் என்று என்னால் நம்பவே முடிவதில்லை. அத்திவாரத்தோடு நின்றுபோன வீடுகளையும், இடம்பெயர்ந்து திரும்பி வந்து சுவரை மட்டும் கண்டவர்களையும், திட்டத்தில் வீடு கிடைக்குமென்று கடுதாசியோடு அலைந்தவர்களையும் நமது ஊரில் எந்தத் தெருவிலும் காணலாம். இந்தப் படத்தை மூதூரில் இருந்து வந்த ஒரு அம்மாவோடு சேர்ந்து பார்த்தபோது, கதாநாயகி முதல் தடவை கொந்தராத்துக்காரரை நம்பும் இடத்தில் அந்த அம்மா திரையைப் பார்த்து, 'பிள்ளை, சீமெந்துப் பையை எண்ணு' என்று சத்தமாகச் சொன்னார். அதற்கு மேல் விமர்சனம் எழுத ஒன்றும் இல்லை.

பாலு மகேந்திராவின் 'அழியாத கோலங்கள்' (1979) மூன்று பையன்கள் பெரியவர்களாகிற பருவத்தின் கதை. ஷோபா அவர்களுடைய ரீச்சர். கிழக்கில் வளர்ந்த ஆண்பிள்ளைகளுக்கு அந்த ஆறும் சைக்கிளும் களவாகப் பிடித்த பீடியும் சொந்தக் கதையாகவே இருக்கும். விறாந்தையில் சின்னவர்கள் இருந்தால் இதை வேறொரு நாளுக்கு வையுங்கள். 'ஏழாவது மனிதன்' (1982) ஹரிஹரன் இயக்கியது, ரகுவரனின் ஆரம்ப காலப் படம். சீமெந்துத் தொழிற்சாலைப் புகைக்குள் வாழ்கிற ஊரின் கதை. பாட்டெல்லாம் பாரதியார், இசை எல். வைத்தியநாதன். 'காக்கைச் சிறகினிலே' பாட்டை நீங்கள் கேட்டிருப்பீர்கள், படத்தைப் பார்த்திருக்கமாட்டீர்கள்.

ஒரு படத்தை மட்டும் எச்சரிக்கையோடு சொல்கிறேன். 'புரஹந்த கலுவர', பிரசன்ன விதானகே, 1997. வரண்ட கிராமம், மழைக்குக் காத்திருக்கிற சனம். வன்னிஹாமி என்ற கண் தெரியாத கிழவர். இராணுவத்துக்குப் போன மகனை முத்திரையிட்ட பெட்டியில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள், திறக்கக்கூடாது என்கிறார்கள். மகன் சாகவில்லை என்கிறார் கிழவர். நட்டஈட்டுப் படிவத்தில் கையெழுத்து வைக்க மறுக்கிறார். அந்தப் பணம் வந்தால் வீட்டில் பல தேவைகள் தீரும், ஊரே கேட்கிறது, அவர் அசையவில்லை. ஜோ அபேவிக்கிரம நடித்தது. கண்ணை நேராக வைத்துக்கொண்டு, காதாலும் விரலாலும் மட்டும் உலகத்தைப் பார்க்கிற ஒரு மனிதனாகவே அவர் மாறிவிட்டார். 2000 இல் அரசாங்கம் படத்தைத் தடுத்தது. இயக்குநர் வழக்குப் போட்டார், உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு 2001 இல் தியேட்டருக்கு வந்தது.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தைக் கையில் பிடித்தபடி வீதியோரம் இருக்கிற நமது அம்மாமார், மரணச் சான்றிதழும் வேண்டாம், காசும் வேண்டாம் என்று சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். அதே சொல்லை ஒரு சிங்களக் கிழவர் அந்தப் பக்கத்தில் இருந்து சொல்கிறார். இரண்டு துயரமும் ஒன்றுதான் என்று நான் சொல்லவரவில்லை. அவருக்குப் பெட்டியாவது வந்தது. ஆனால் கையெழுத்து வைக்கமாட்டேன் என்கிற அந்தப் பிடிவாதத்தை இந்த நாட்டில் நம்மைவிட நன்றாக விளங்கிக்கொள்ளக்கூடியவர்கள் யார்? இந்தப் படம் நமக்காக எடுத்தது அல்ல, ஆனால் நம்மிடம் வந்து சேரவேண்டியது. போடுவதற்கு முன்னர் விறாந்தையில் யார் யார் இருக்கிறார்கள் என்று யோசியுங்கள். யாரையாவது தேடிக்கொண்டிருக்கிற வீட்டில் இருந்து ஒருவர் வருவதாக இருந்தால், என்ன படம் என்று முன்னரே போய்ச் சொல்லுங்கள். வருவதும் வராததும் அவர் விருப்பம்.

அப்புறம் சில நடைமுறை விஷயங்கள். பழைய படங்கள் ஏறக்குறையச் சதுரமாக இருக்கும். திரை நிறைய வேண்டும் என்று இழுத்துவிடாதீர்கள், எல்லார் முகமும் ஊதிப்போகும். இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கட்டும். யூரியூப்பில் ஒரே படம் பல பேர் ஏற்றியிருப்பார்கள். சிலது மேலும் கீழும் வெட்டியது, சிலது பாட்டை எடுத்துவிட்டது. ஓடுகிற நேரத்தை ஒப்பிட்டு நீளமானதை எடுங்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, சத்தம் தெளிவாக இருக்க வேண்டும். புரொஜெக்டரில் வருகிற சின்ன ஸ்பீக்கரை நம்பாதீர்கள், தனியாக ஒன்று வையுங்கள். நடுவில் ஒருமுறை நிறுத்தித் தேத்தண்ணி கொடுங்கள். இந்தப் படங்கள் இடைவேளையை நினைத்துத்தான் எடுக்கப்பட்டவை. பெரியவர்கள் படத்துக்கு நடுவே கதைத்தால் தடுக்க வேண்டாம். அவர்கள் அந்தக் காலத்தில் தியேட்டரிலும் கதைத்துக்கொண்டுதான் பார்த்தார்கள்.

முதல் மாதத்துக்கு என்றால் 'அந்த நாள்', 'வீடு', 'சருங்கலே', 'கோமாளிகள்'. இந்த ஒழுங்கிலேயே போடுங்கள். கனமான படத்துக்குப் பிறகு சிரிப்பு வரட்டும். ஆள் கூடினால் இரண்டாவது மாதம் 'நிதானய'வுக்குப் போகலாம்.

'வாடைக்காற்று', 'பொன்மணி', 'குத்துவிளக்கு' மூன்றுக்கும் இணையத்தை மட்டும் நம்பாதீர்கள். இங்கே பல வீடுகளில் பழைய வீடியோக் கசெட்டுகள் அலுமாரிக்கு மேலே தூசிபிடித்துக் கிடக்கின்றன. அப்படி ஒன்று அகப்பட்டால் உடனே டெக்கில் போட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள், பூஞ்சணம் பிடித்த நாடா அறுந்துவிடும். முதலில் கணினிக்கு மாற்றத் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் பண்ணுவியுங்கள். பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், தியேட்டர் ரிக்கெட் எது கிடைத்தாலும் கைபேசியில் படம் எடுத்து, எந்த வீட்டில் இருந்தது என்று குறித்து வையுங்கள். கசெட் வைத்திருக்கிற யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து அதை எறிந்துவிடாமல் இந்தத் தங்கச்சிக்கு ஒரு சொல் சொல்லுங்கள்.